வாசகர் கேள்வி: கணவருக்கு ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர் வேலை வந்திருக்கிறது, நான் என் வேலையை விட வேண்டுமா?

கடிதம் நீளமானது. சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

எழுதியவர் டொரோண்டோ பக்கம் ஒரு மருத்துவமனையில் நிரந்தர வேலையில் இருக்கும் நர்ஸ், கனடியக் குடியுரிமை உள்ளவர். கணவர் வடக்கு ஒன்டாரியோக்காரர், தமிழர் அல்ல, வயது 34. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவர், பட்டத்துக்கு ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போதே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்டார். அதன்பிறகு பதினோரு சீசன், ஏழு அணிகள். பெரும்பாலும் ஈசிஎச்எல், அதாவது வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்எச்எல்லுக்கு இரண்டு படி கீழே உள்ள லீக். நடுவில் சில முறை 25 ஆட்டத் தற்காலிக ஒப்பந்தத்தில், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏஎச்எல்லுக்கு மேலே போய்த் திரும்பியிருக்கிறார். இரண்டு சீசன் ஜெர்மனி. என்எச்எல்லில் ஒரு ஆட்டம்கூட இல்லை. மூன்று வயதில் ஒரு மகள்.

இந்த வசந்தத்தில் சீசன் முடிந்ததும், கடைசியாக ஆடிய ஈசிஎச்எல் அணி அவரை அழைத்து, "வீரராக இடமில்லை, உதவிப் பயிற்சியாளராக வருகிறாயா?" என்று கேட்டிருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தம். சம்பளம், மனைவி வாங்குவதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். அதே வாரம் ஜெர்மனியின் மூன்றாம் நிலை லீக்கான ஓபர்லீகாவிலிருந்து இன்னொரு அழைப்பு: எட்டு மாதம் ஆட வேண்டும், 'நெட்' சம்பளம் (வரி போகக் கையில் வருவது), வீடு, கார். அவருக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. இவருக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது.

கேள்விகள் பல. பயிற்சியாளர் வேலை என்பது 'நீ வேண்டாம்' என்று அணி சொல்வதற்கு ஒரு மரியாதையான வழியா? "மூன்று வருடத்தில் ஏஎச்எல், அப்புறம் என்எச்எல்" என்று அவர் சொல்வது நடக்கக்கூடியதா? குடும்பத்தோடு அமெரிக்கா போனால் இவர் வேலை பார்க்க முடியுமா? வீரர்கள் சங்கம் பாதுகாப்புத் தருமா? தலையில் அடிபட்டு இரண்டு முறை கன்கஷன் (மூளை அதிர்ச்சி) என்று பதிவாகியிருக்கிறது. மூன்றாவது முறை, போன பிப்ரவரியில், பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயந்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது வெளிச்சம் பட்டால் தலைவலி. அதற்கு ஏதாவது செய்ய முடியுமா? கடைசியாக ஒரு வரி: "விளையாட்டெல்லாம் ஒரு வேலையா என்று என் அம்மா கேட்கிறார். நான் கணவருடைய கனவுக்குக் குறுக்கே நிற்கிறேனோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை."

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு முடிவுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஆடுவதை நிறுத்துவதா என்பது ஒன்று. பயிற்சியாளர் ஆவதா என்பது வேறொன்று. உங்கள் கணவர் இரண்டாவதற்குப் பதில் சொல்லி முதலாவதைத் தாண்டிவிடப் பார்க்கிறார். விளையாட்டை விடும் எல்லோரும் செய்வதுதான் இது. நேற்றுவரை உட்கார்ந்த அதே பஸ், அதே உடை மாற்றும் அறை, அதே பனித் தளம் என்றால் எதையும் இழந்த மாதிரித் தெரியாது. ஆனால் பயிற்சியாளர் வேலை ஆட்டக்காரர் வாழ்க்கையின் பன்னிரண்டாவது சீசன் அல்ல. அது புதுத் தொழில். அதில் அவர் முதல் வருடப் பணியாள். இப்படிப் பார்த்தால்தான் அந்த ஒரு வருட ஒப்பந்தத்தின் மதிப்பு என்ன, அதற்காக நீங்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது தெரியும்.

ஏன் வீரராக எடுக்கவில்லை

இதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் இதுதான் அவமானமாகப் பேசப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஈசிஎச்எல் இளைஞர்களை வளர்த்து மேலே அனுப்பும் லீக். அதனால் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியவரை 'வெட்டரன்' என்று கணக்கிட்டு, ஒரு அணிக்கு நான்கு பேர்தான் என்று நெடுங்காலமாக விதி வைத்திருக்கிறார்கள். கோல் காப்பவர்கள் மட்டும் இதில் சேர மாட்டார்கள். உங்கள் கணவர் அந்த 260-ஐ என்றோ தாண்டியிருப்பார். நான்கு இடங்களில் ஒன்றை 34 வயது டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்குக் கொடுப்பதா, கோல் அடிக்கும் 28 வயதுக்காரருக்குக் கொடுப்பதா என்று வந்தால் எந்தத் தலைமைப் பயிற்சியாளரும் இரண்டாமவரைத்தான் எடுப்பார். ஏஎச்எல்லிலும் இதே வகையில் இளையவர்களுக்கு இடம் ஒதுக்கும் விதி உண்டு. ஆக, அவரைத் தள்ளியது திறமைக்குறைவு அல்ல, கணக்கு.

அந்தப் பயிற்சியாளர் வேலையும் ஆறுதல் பரிசு அல்ல. இந்த லீக்கில் பல அணிகளில் தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரே ஒரு உதவியாளர்தான். அந்த ஒரு நாற்காலியை இரக்கப்பட்டு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

பயிற்சியாளர் பேச்சுக்கு முன்னால், தலை

நான் மருத்துவர் இல்லை. வேலை ஒப்பந்தங்களும் விளையாட்டு வீரர்களின் வழக்குகளும் பார்க்கும் வழக்கறிஞர். ஆனாலும் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக அவசரமாகப் பட்டது சம்பளமோ விசாவோ இல்லை, பிப்ரவரியில் நடந்ததுதான். மூன்று மாதமாகியும் வெளிச்சத்துக்குத் தலைவலி வருகிறது என்றால் கன்கஷன் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரிடம் இந்த வாரமே போகச் சொல்லுங்கள். நீங்கள் நர்ஸ், இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். வீட்டில் சொன்னால் எடுபடாது என்பதால் நான் எழுதுகிறேன், இந்தப் பகுதியை அவரிடம் காட்டுங்கள்.

இப்போது சட்டப் பக்கம். வேலையில் பட்ட காயத்துக்கு அமெரிக்காவில் இழப்பீட்டுச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில மாநிலங்களில் விளையாட்டு வீரர் மற்ற ஊழியரைப் போலத்தான். ஃப்ளோரிடாவில் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் அந்தச் சட்டத்தின் 'ஊழியர்' என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பது கெடு. காயத்தை அணிக்குத் தெரிவிக்க ஒரு கெடு, கோரிக்கை போட இன்னொரு கெடு. சில இடங்களில் முதல் கெடு வாரக் கணக்கில்தான் இருக்கும். பிப்ரவரியில் சொல்லவில்லை என்பதால் எல்லாம் போய்விட்டது என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். எந்த மாநிலத்தில், எந்த ஆட்டத்தில், யார் மோதி என்பதை இப்போதே தேதியோடு எழுதி வையுங்கள். அந்த ஆட்டத்தின் வீடியோவைச் சேமித்து வையுங்கள். லீக் தளத்தில் சீசன் முடிந்தபிறகு அது எத்தனை நாள் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அவரிடம் இதையும் கேளுங்கள்: சீசன் முடிந்து கிளம்பும்போது அணி மருத்துவர் பரிசோதித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாரா? அதில் 'தற்போது எந்தக் காயமும் இல்லை' என்பது போன்ற வரி இருந்ததா? வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், டிரக்கில் சாமான் ஏற்றிக்கொண்டே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். பின்னால் கோரிக்கை போடும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அதைத்தான். அந்தத் தாளின் நகலையும், பதினோரு வருட மருத்துவப் பதிவுகளையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

"அதே அணியில் வேலை கேட்டுக்கொண்டே அவர்கள்மேல் கோரிக்கை போடுவதா?" என்று அவர் தயங்குவார். இழப்பீட்டுக் கோரிக்கை பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தோடு நடப்பது. கோரிக்கை போட்டதற்காக ஒருவரைப் பழிவாங்குவதைப் பெரும்பாலான மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. அதற்காக உரசலே இருக்காது என்று நான் சொல்லவில்லை. சங்கத்திடம் முதலில் பேசச் சொல்லுங்கள். ஏஎச்எல், ஈசிஎச்எல் வீரர்களுக்கான சங்கம் பிஎச்பிஏ, 1967-இல் தொடங்கியது, அலுவலகம் ஒன்டாரியோவில் நயாகரா பக்கம்தான் இருக்கிறது. வீரராக இருந்தபோது பட்ட காயத்துக்கு அவர்கள் வழிகாட்டுவார்கள்.

ஜெர்மனி அழைப்பைப் பற்றிய என் அபிப்பிராயமும் இங்கேதான் வருகிறது. மூன்றாவது முறை அடிபட்டதை மறைத்த ஒருவர், அறிகுறி மாறாத நிலையில், இன்னொரு சீசன் ஆடுவது கூடாது. மருத்துவர் எழுத்தில் 'ஆடலாம்' என்று கொடுக்கும்வரை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். ஐரோப்பிய அணிகள் வந்திறங்கியதும் மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். பழைய காயத்தை மறைத்தார் என்று தெரிந்தால் ஒப்பந்தமே கேள்விக்குள்ளாகலாம், அப்போது குடும்பம் ஒரு கண்டத்திலும் அவர் ஒரு கண்டத்திலும் சம்பளமில்லாமல் நிற்பீர்கள்.

உதவிப் பயிற்சியாளர் என்ன செய்கிறார், அது எங்கே கொண்டுபோகும்

அவருக்கு இது தெரியும். உங்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் 'பயிற்சி கொடுக்கும் வேலைதானே, மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவார்' என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

ஈசிஎச்எல் சீசனில் 72 ஆட்டங்கள், அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடர்ந்து மூன்று இரவு ஆடும் வாரங்கள் சாதாரணம். வெள்ளி ஆட்டம் முடிந்து பஸ் கிளம்பும்போது வீரர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். உதவிப் பயிற்சியாளர் மடிக்கணினியைத் திறந்து அன்றைய ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருப்பார்: பக் (ஆடும் ரப்பர் வட்டு) எங்கே போனது, யார் இடம் தவறி நின்றார், ஒரு ஆள் குறைவாக ஆடும்போது வரிசை எப்படி உடைந்தது. காலையில் அடுத்த எதிரணியின் வீடியோ தயாராக இருக்க வேண்டும். நடுவில் ஏஎச்எல் அணியிலிருந்து போன் வரும், 'உங்கள் டிஃபென்ஸ் ஆள் ஒருவர் இன்றைக்கே வேண்டும்' என்று. அவரை விமானம் ஏற்றி, மாலை ஆட்டத்துக்குள் வேறு லீக்கிலிருந்து ஒருவரைத் தேடிப் பிடிப்பதும் இவர்கள் வேலை. புதிதாக வந்தவருக்கு வீட்டுச் சாவி, பஸ்ஸில் சாப்பாடு, எல்லைத் தாள்கள் என்று எல்லாம் இந்த இரண்டு பேர் தலையில்தான் விழும். கோடையிலும் ஓய்வு கிடையாது. அடுத்த சீசனுக்கு ஆள் சேர்க்கும் தொலைபேசி அழைப்புகள் ஜூன், ஜூலையில்தான் சூடு பிடிக்கும். வீரராக இருந்தபோது கோடை முழுக்க அவர் வீட்டில் இருந்தார். பயிற்சியாளராக அந்தக் கோடை உங்களுக்குக் கிடைக்காது.

சரி, 'மூன்று வருடத்தில் ஏஎச்எல், அப்புறம் என்எச்எல்' பற்றி. பாதை இருக்கிறது, பொய்யல்ல. ஜாரெட் பெட்னார் என்எச்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். சவுத் கரோலைனா ஸ்டிங்ரேஸ் என்ற ஈசிஎச்எல் அணியில் ஆடி, அங்கேயே 2002-இல் உதவிப் பயிற்சியாளரானார். தலைமைப் பொறுப்பில் 2009-இல் அந்த லீக்கின் கெல்லி கோப்பை, 2016-இல் ஏஎச்எல்லின் கால்டர் கோப்பை, 2022-இல் கொலராடோ அணியோடு என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை. ஸ்பென்சர் கார்பெரி அதே ஸ்டிங்ரேஸில் 2010-இல் உதவியாளராகத் தொடங்கி 2023-இல் என்எச்எல்லின் வாஷிங்டன் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார், 2025-இல் லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கினார். புரூஸ் புட்ரோ கீழ் லீக்குகளில் ஆண்டுக்கணக்கில் சுற்றியவர். 1999-இல் மிசிசிப்பியில் கெல்லி கோப்பை, 2006-இல் ஹெர்ஷியில் கால்டர் கோப்பை, அதன்பிறகு 2007-இல்தான் வாஷிங்டன் அவரைக் கூப்பிட்டது.

இந்த மூன்று பேரையும் உங்கள் கணவர் ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது வருடக் கணக்கு. பெட்னாருக்கு உதவியாளர் வேலையிலிருந்து என்எச்எல் வரை 14 வருடம். கார்பெரிக்கு 13. புட்ரோவுக்கு அதைவிடக் குறைவு இல்லை. நடுவில் கார்பெரி ஜூனியர் லீக்குக்குப் போனார், ஏஎச்எல் உதவியாளர் ஆனார், மறுபடி தலைமைப் பயிற்சியாளர், மறுபடி என்எச்எல்லில் உதவியாளர் என்று நேராக ஏறாமல் வளைந்து வளைந்துதான் போனார். இவையெல்லாம் ஜெயித்தவர்களின் வருடங்கள். மேலே இருப்பது 32 தலைமைப் பயிற்சியாளர் நாற்காலிதான்.

இன்னொரு தவறான எண்ணம், பதினோரு வருட ஆட்ட அனுபவம் தானாகவே மேலே தூக்கிவிடும் என்பது. தம்பா பே அணிக்கு 2020, 2021 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை வாங்கித் தந்த ஜான் கூப்பர் தொழில்முறையாக ஹாக்கி ஆடியதே இல்லை, வழக்கறிஞராக இருந்தவர். (எங்கள் தொழிலில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.) ஆட்ட அனுபவம் உடை மாற்றும் அறையில் முதல் மாதம் மரியாதை வாங்கித் தரும். அதற்குப் பிறகு 22 வயதுப் பையன் ஒருவன் அவர் சொல்லிக் கொடுத்ததால் முன்னேறினானா என்பதுதான் கேள்வி. இங்கே உங்கள் கணவர் கையில் ஒன்று இருக்கிறது. ஏழு அணி மாறியவர் ஏழு விதமான பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறார், பட்டியலிலிருந்து தூக்கப்பட்டிருக்கிறார், மேலே அழைக்கப்பட்டு இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். ஈசிஎச்எல் வீரர்களுக்கு வாராவாரம் நடப்பது இதுதான். அந்தப் பையன்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நட்சத்திர வீரராக இருந்து வந்தவருக்கு இது சுலபமாக வராது.

ஒப்பந்தத்தில் எதைக் கேட்க வேண்டும்

நீங்கள் இணைத்த இரண்டு பக்கக் கடிதத்தைப் படித்தேன். அதில் இருப்பதைவிட இல்லாததுதான் கவலை.

சங்கம் பாதுகாக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதுகாக்காது. பிஎச்பிஏ வீரர்களின் சங்கம். பயிற்சியாளர் ஆன நாளில் அவர் அதன் கூட்டு ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விடுகிறார். வீரராக இருந்தபோது அந்த ஒப்பந்தத்தால் கிடைத்த சீசன் கால வீடு, மருத்துவக் காப்பீடு எதுவும் தானாகத் தொடராது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அப்புறம், ஒன்டாரியோவில் வேலையிலிருந்து நீக்கினால் நியாயமான முன்னறிவிப்போ அதற்கு ஈடான பணமோ கிடைக்கும் என்று நாம் பழகிவிட்டோம். அமெரிக்க மாநிலங்களில் பொது விதி அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நீக்கலாம். 'ஒரு வருட ஒப்பந்தம்' என்று தலைப்பில் போட்டுவிட்டு, உள்ளே எந்த நேரமும் நீக்கலாம் என்று ஒரு வரி இருந்தால் அது ஒரு வருட ஒப்பந்தமே அல்ல. உங்களுக்கு வந்த கடிதத்தில் அந்த வரி இருக்கிறது, இரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது பத்தி. காரணமில்லாமல் நீக்கினால் மீதி மாதங்களின் சம்பளம் உண்டு என்று அதை மாற்றச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் தலைமைப் பயிற்சியாளரின் கதி. அணி தோற்றால் முதலில் போவது அவர். புதிதாக வருபவர் தனக்குத் தெரிந்த உதவியாளரைக் கூட்டிவருவார். உங்கள் கணவர் எந்தத் தப்பும் செய்யாமல் ஜனவரியில் பெட்டி கட்ட வேண்டி வரலாம். எனவே 'தலைமைப் பயிற்சியாளர் மாறினாலும் இந்த ஒப்பந்தம் தொடரும்' என்று ஒரு வரி வேண்டும். அதேபோல் மேல் லீக்கிலிருந்து அழைப்பு வந்தால் அபராதமில்லாமல் விடுவிக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். இதற்கு அணிகள் பொதுவாக மறுப்பதில்லை. தங்களிடமிருந்து ஆள் மேலே போவது அவர்களுக்கும் பெருமை.

வீடு சீசனுக்கு மட்டுமா, 12 மாதமா? மருத்துவக் காப்பீடு அவருக்கு மட்டுமா, உங்களுக்கும் மகளுக்குமா, எந்தத் தேதியிலிருந்து? விசாச் செலவு யார் கணக்கு? இந்த மூன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லை. அமெரிக்காவில் மூன்று வயதுக் குழந்தையோடு காப்பீடு இல்லாமல் ஒரு மாதம் இருப்பதுகூட ஆபத்து. ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க மருத்துவமனைச் செலவில் அது கொடுப்பது சொற்பம். அதைத் தக்கவைக்கவே 12 மாதத்தில் 153 நாள் மாகாணத்தில் இருக்க வேண்டும். வேலைக்காக வெளியே போவோருக்கு விலக்கு உண்டு, கிளம்பும் முன்பே விண்ணப்பித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

'ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுக்கலாமே' என்று அணி வாய்மொழியாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தலைக்காயத்தைப் பார்த்தால் எனக்கு அது பிடிக்கவில்லை. சட்டப்படியும் அவர் சங்கத்துக்குள்ளா வெளியிலா என்ற குழப்பம் வரும். அப்படி ஒரு யோசனை வந்தால் பிஎச்பிஏவிடம் எழுத்தில் பதில் வாங்காமல் தலையாட்ட வேண்டாம்.

விசாவும் உங்கள் வேலையும்

அவர் இதுவரை அமெரிக்காவில் ஆடியது வீரருக்கான விசாவில். அதை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் வேலையைத் தொடங்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேலை மாறினால் அணி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஒப்புதல் வந்தபிறகே வேலையில் இறங்க வேண்டும். எந்த வகை விசா பொருந்தும் என்பதைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் அவருடைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அங்கே உங்களால் வேலை பார்க்க முடியாது என்று நினைத்தால் அது பாதிதான் சரி. விளையாட்டு வீரரின் மனைவி என்ற முறையில் கிடைக்கும் பி-4 விசாவில் வேலை பார்க்க முடியாது. மற்ற சில வகைகளிலும் துணைவருக்கு அதே நிலைதான். ஆனால் நீங்கள் அவருடைய துணைவி மட்டும் அல்ல. கனடியக் குடியுரிமை உள்ள பதிவு பெற்ற நர்ஸ். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் தரப்படும் டிஎன் என்ற வேலை அனுமதிக்கான பட்டியலில் உங்கள் தொழில் பெயரோடு இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவமனை வேலை கொடுத்தால், அந்த மாநில உரிமமும் வெளிநாட்டு நர்ஸ்களுக்கான விசாஸ்கிரீன் சான்றும் இருந்தால், உங்கள் சொந்தப் பெயரிலேயே டிஎன் வாங்கலாம். ஒரு முறைக்கு மூன்று வருடம்வரை கொடுப்பார்கள். 2015-க்குப் பிறகு கனடாவில் பதிவு பெற்றவர் என்றால் அமெரிக்காவின் அதே நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸைத்தான் எழுதியிருப்பீர்கள், அந்தச் சுமையும் இல்லை. உரிமமும் சான்றும் கைக்கு வர மாதங்கள் ஆகும், எனவே இந்த அக்டோபருக்கு இது உதவாது. அடுத்த வருடத்துக்கு உதவும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன். ஒரு வருட ஒப்பந்தத்துக்காக உங்கள் நிரந்தர வேலையை விட வேண்டாம். உங்கள் மருத்துவமனையின் கூட்டு ஒப்பந்தத்தில் ஊதியமில்லா நீண்ட விடுப்பு பற்றி என்ன இருக்கிறது என்று சங்கப் பிரதிநிதியிடம் கேளுங்கள். பெரும்பாலும் அது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமை அல்ல. கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் முதல் சீசனுக்கு அவர் மட்டும் போகட்டும். சீசனில் பாதி நாள் அவர் பஸ்ஸில்தான் இருக்கப்போகிறார், நீங்கள் உடன் போனாலும் தெரியாத ஊரில் மகளோடு தனியாகத்தான் இருப்பீர்கள். இது அவருடைய கனவுக்குக் குறுக்கே நிற்பது ஆகாது. பதினோரு சீசன் அவர் ஊர் ஊராகப் போய் ஆட முடிந்ததில் உங்கள் மாதச் சம்பளத்துக்கு எவ்வளவு பங்கு என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் வாதாட வேண்டாம். அவர் கேட்பது வருமானம் நிலைக்குமா என்பதைத்தான், அதற்கு அந்தக் கணக்கே பதில்.

ஜெர்மனிப் பணம்

இதை நீங்கள் கேட்கவில்லை, போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள்: ஜெர்மனியில் வாங்கியது 'நெட்' சம்பளம், வரியை அணியே கட்டிவிட்டது, அதனால் கனடாவில் காட்டத் தேவையில்லை என்று கூட ஆடியவர்கள் சொன்னார்களாம். உடை மாற்றும் அறையில் கிடைக்கும் வரி ஆலோசனை இப்படித்தான் இருக்கும். மனைவியும் வீடும் ஒன்டாரியோவில் இருந்த ஒருவரை வரித்துறை பெரும்பாலும் கனடாவில் வசிப்பவராகவே பார்க்கும். அப்படியானால் உலக வருமானம் முழுவதையும், அணி கட்டிய வரியையும் சேர்த்து, காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே கழிவு உண்டு, எனவே பாக்கி நீங்கள் பயப்படும் அளவுக்கு இராது. அந்த இரண்டு வருடங்களுக்கான ஜெர்மன் வரிச் சான்றுகளை அணியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கணக்காளரிடம் போங்கள். தானாக முன்வந்து சொல்பவர்களுக்குச் சலுகை தரும் திட்டம் கனடிய வரித்துறையில் இருக்கிறது. அவர்கள் கேட்பதற்கு முன் நீங்கள் போவது நல்லது.

அணிக்குப் பதில் சொல்ல இன்னும் பத்து நாள் இருக்கிறது என்கிறீர்கள். மருத்துவரின் முடிவு அதற்குள் வராது. கூடுதலாக மூன்று வாரம் கேட்டு அவரே தலைமைப் பயிற்சியாளருக்கு எழுதட்டும், நான் மேலே சொன்ன வரிகளை அதிலேயே கேட்கட்டும். ஈசிஎச்எல் அணிகள் ஜூலையிலும் ஆள் எடுத்துக்கொண்டிருப்பவை, மூன்று வாரத்துக்காக வேலையைப் பறிக்க மாட்டார்கள். பறித்தால், நீக்கும் விஷயத்தில் அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது இப்போதே தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டால், மருத்துவரும் சரி என்றால், அந்த வேலையை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து. கிடைக்கும் முதல் கோடையில் மிச்சமிருக்கும் ஒரு வருடப் படிப்பையும் கனடாவின் தேசியப் பயிற்சியாளர் சான்றிதழையும் தொடங்கச் சொல்லுங்கள். ஈசிஎச்எல்லில் யாரும் அவற்றைக் கேட்பதில்லை. ஒன்டாரியோவுக்குத் திரும்பி ஜூனியர் அணியிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை தேடும் நாளில் கேட்பார்கள். திருத்திய ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துக்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.